ஆம், இல்லை: இரண்டே சொல்லில் இலக்கைப் பிடித்த ராடாரின் வரலாறு

ஆசிரிய நண்பர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஒரே ஒரு குறிதான். வந்தான், இல்லை வரவில்லை. காய்ச்சலோடு வந்தானா, மணி அடித்த பிறகு ஓடி வந்தானா, கடைசி வரிசையில் தூங்கினானா என்று அந்தக் குறி சொல்லாது. ஆனாலும் மூன்று மாதப் பதிவேட்டைப் புரட்டினால் எந்தப் பிள்ளையின் வீட்டில் ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தனிக்குறி ஊமை. குறிகள் சேர்ந்தால் பேசுகின்றன.

ராடார் துறையில் இதே வழியை ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டார்கள். வரும் சமிக்ஞையின் அளவை நுட்பமாக அளக்காமல், ஒரு வரம்புக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டு, அந்தக் குறிகளை எண்ணியே விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் மாணவர்களில் பலர் 'இலக்க முறை என்றால் பிட் எண்ணிக்கை கூடக் கூட நல்லது', 'இரைச்சல் என்றால் கெட்டது' என்று இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த வரலாற்றைப் படித்தால் இரண்டுமே பாதி உண்மை என்று தெரியும். படிவம் 5 கூடுதல் கணிதத்தில் வரும் ஈருறுப்புப் பரவலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் இரைச்சல் என்றால் என்ன? திரிங்காப்பிலிருந்து கோல தெர்லா பக்கம் விடியற்காலையில் காய்கறி லோரிகள் இறங்கும் நேரம். மூடுபனி கட்டியிருக்கிறது. வளைவில் எதிரே மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்த மாதிரி இருக்கும். லோரியா, பனியில் நம் விளக்கே பட்டுத் திரும்புகிறதா? ஓட்டுநர் ஒரே பார்வையில் முடிவு செய்வதில்லை. இரண்டு, மூன்று விநாடி பார்க்கிறார். ஒவ்வொரு பார்வையிலும் 'இருக்கு', 'இல்ல', 'இருக்கு', 'இருக்கு' என்று மனத்துக்குள் ஓடுகிறது. நாலில் மூன்று 'இருக்கு' வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. ராடாரில் மூடுபனியின் இடத்தில் இருப்பது மின்னிரைச்சல். வானிலிருந்தும் நிலத்திலிருந்தும் வருவது பாதி, கருவியின் மின்சுற்றுக்குள்ளேயே பிறப்பது மீதி. அதை அடியோடு ஒழிக்க முடியாது. விமானத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி அந்த இரைச்சலோடு கலந்தே வருகிறது.

1935 பிப்ரவரி 26-ஆம் தேதி இங்கிலாந்தில் டாவென்ட்ரிக்கு அருகே ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஆர்னால்ட் வில்கின்ஸும், பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு ஒரு குண்டுவீச்சு விமானத்தில் பட்டுத் திரும்புவதைக் காட்டினார்கள். பிரிட்டனின் ராடார் கதை அங்கிருந்து தொடங்குகிறது. போர்க்காலக் கருவிகளில் முடிவு எடுத்தது மனிதக் கண். திரையின் அடியில் இரைச்சல் புல்லைப் போல ஆடிக்கொண்டிருக்கும். ராடார்காரர்கள் அதற்கு வைத்த பெயரே 'புல்'தான். அந்தப் புல்லில் ஒரு தாள் மட்டும் விடாமல் ஒரே இடத்தில் நிமிர்ந்து நின்றால் அது விமானம்.

நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியர் கையில் ஒரு பிரிட்டிஷ் ராடார்காரரின் குறிப்பேடு கிடைத்தது. அதில் திரும்பத் திரும்ப வந்த 'யாகி' என்ற சொல் அவர்களுக்குப் புரியவில்லை. சிறைக்கைதியிடம் விசாரித்தபோது, அது அந்த அலைவாங்கியைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் என்று தெரிந்ததாம். ஹிதெட்சுகு யாகியும் ஷின்டாரோ உடாவும் 1920-களில் தம் நாட்டிலேயே உருவாக்கியது அது! பழைய வீட்டுக் கூரைகளில் மீன்முள் போல நிற்குமே, அந்த டிவி ஏரியல்தான். சரி, விஷயத்துக்கு வருவோம்.

1949 ஆகஸ்ட்டில் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தது. அமெரிக்கா பதறியது. கடலோரம் முழுக்க ராடார்கள், அவற்றின் தகவலையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துக் கணக்கிட ஒரு கணினி என்று திட்டம் போட்டார்கள். கணினி கையில் இருந்தது: எம்ஐடியின் 'வேர்ல்விண்ட்'. ராடாரும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். ராடார் பார்ப்பதையெல்லாம் அப்படியே அனுப்பத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு வேண்டிய அளவு அகலமான பாதை வேண்டும். கையில் இருந்ததோ சாதாரணத் தொலைபேசிக் கம்பி. பேச்சுக் குரலுக்கே அளந்து செய்தது.

அமெரிக்க விமானப்படையின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் ஜான் ஹாரிங்டனின் குழு இதற்கு வழி கண்டது. ராடார் ஒரு திசையில் பல துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும், ஒவ்வொரு தொலைவிலும், திரும்பி வந்தது வரம்பைத் தாண்டியதா? தாண்டினால் 1, இல்லாவிட்டால் 0. அளவு வேண்டாம், விட்டுடுவோம். அந்த 1-களை எண்ணி, போதுமான எண்ணிக்கை வந்தால் மட்டும் 'இங்கே இலக்கு' என்ற ஒரு சிறு செய்தியைக் கம்பியில் அனுப்பினால் போதும். பெட்ஃபோர்டில் இருந்த ராடாரின் தகவல் இப்படித் தொலைபேசிக் கம்பி வழியாக வேர்ல்விண்டுக்குப் போனது. 1951 ஏப்ரலில் அந்தக் கணினி ஒரு போர்விமானத்தை இலக்கு விமானத்தின் அருகே வழிநடத்திக் காட்டியது. இதிலிருந்து வளர்ந்த 'சேஜ்' என்ற வான்காப்பு வலையமைப்பு 1958-இல் பணிக்கு வந்தது.

இதில் இரண்டு வரம்புகள் இருப்பதைக் கவனியுங்க. ஒரு துடிப்பு தாண்ட வேண்டிய அளவு முதல் வரம்பு. எத்தனை துடிப்பு தாண்டினால் நம்பலாம் என்பது இரண்டாவது. பீட்டர் ஸ்வெர்லிங் 1952-இல் ரேண்ட் நிறுவனத்தில் இந்த 'இரட்டை வரம்பு' முறையை ஆராய்ந்தார்; ஹாரிங்டன் தம் பகுப்பாய்வை 1955-இல் வெளியிட்டார். கணக்கு கடினமானது இல்லை. மாணவர்களே, கால்குலேட்டரை எடுங்க.

விமானமே இல்லாதபோது, வெறும் இரைச்சல் ஒரு துடிப்பில் வரம்பைத் தாண்டும் வாய்ப்பு 0.1 என்று வையுங்கள். விமானம் இருந்தால் தாண்டும் வாய்ப்பு 0.6. ஒரே துடிப்பை நம்பி முடிவு சொன்னால் பத்துக்கு ஒரு தடவை பொய் எச்சரிக்கை. இருக்கும் விமானத்தையோ பத்துக்கு நாலு தடவை கோட்டை விட்டுவிடுவோம். போர்க்காலத்தில் இரண்டுமே ஆபத்து. இப்போது 10 துடிப்புகள் அனுப்பி, 5 அல்லது அதற்கு மேல் தாண்டினால்தான் 'விமானம்' என்று சொல்வதாக விதி. ஈருறுப்புப் பரவலில் போட்டுப் பாருங்கள். பொய் எச்சரிக்கையின் வாய்ப்பு 0.0016 ஆக இறங்குகிறது. விமானத்தைப் பிடிக்கும் வாய்ப்பு 0.83 ஆக ஏறுகிறது. விதியை 6 ஆக்கினால் பொய் எச்சரிக்கை 0.00015, பிடிக்கும் வாய்ப்பு 0.63. ஒரு பக்கம் இறுக்கினால் மறு பக்கம் தளர்கிறது. ஆனால் இரண்டு விதிகளுமே ஒற்றைத் துடிப்பைவிட எல்லா வகையிலும் மேல். ஒரு துடிப்புக்கு ஒரு பிட்டைத் தாண்டி நாம் எதையும் சேமிக்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்படியானால் அளவைத் தூக்கி எறிந்ததில் நட்டமே இல்லையா? உண்டு. எவ்வளவு என்பதும் தெரியும். இந்தக் கேள்விக்கு அடித்தளம் போட்டவர் வேறொரு வேலையாகப் போனவர். 1943-இல் ஹார்வர்டில் இருந்த போர்க்கால ரேடியோ ஆய்வுக்கூடத்தில் ஜான் வான் விளெக், எதிரியின் ராடாரைக் குழப்ப இரைச்சலை ஒலிபரப்பும் கருவிகளைப் பற்றி ஆராய்ந்தார். கருவியின் சக்தியை முழுதும் பயன்படுத்த, இரைச்சலின் உச்சிகளைச் சீவி மட்டமாக்க வேண்டியிருந்தது. அப்படிச் சீவினால் இரைச்சலின் இயல்பு கெட்டுவிடுமா என்பது கேள்வி. முழுக்கவே சீவி, நேர், எதிர் என்ற குறியை மட்டும் விட்டாலும், அலையின் உள்ளமைப்பில் பெரும்பகுதி அப்படியே தப்பித்துவிடுகிறது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அந்த அறிக்கை போர் இரகசியம். டேவிட் மிடில்டனோடு சேர்ந்து அது பொது இதழில் வந்தது 1966-இல். வான் விளெக்குக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் இதற்காக அல்ல, காந்தவியல் ஆய்வுக்காக.

அவருடைய விதியை ஒரு எடுத்துக்காட்டில் சொல்லிடலாம். இரண்டு இரைச்சல் அலைகளுக்கு நடுவே ஒட்டுறவுக் கெழு 0.5. இரண்டையும் சீவிக் குறியை மட்டும் வைத்துக்கொண்டால் ஒட்டுறவு 1/3 ஆகக் குறைகிறது. ஆனால் அந்தக் குறைவுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: 0.5-இன் நேர்மாறு சைன் 30 பாகை, அதை 90 பாகையால் வகுத்தால் 1/3. அப்படியென்றால் 1/3-ஐ அளந்தவர் திரும்பக் கணக்கிட்டு 0.5-ஐ மீட்டுவிடலாம். குறிகளை மட்டும் பார்த்தவர், பார்க்காத அளவைத் தெரிந்துகொள்கிறார்!

நட்டத்தையும் போட்டுப் பார்ப்போம். இரைச்சலின் திட்ட விலக்கம் 1. அதில் புதைந்த சமிக்ஞை வெறும் 0.1. அதாவது இரைச்சலில் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு அளவீட்டிலும் நேரா, எதிரா என்று மட்டும் குறிக்கிறோம். சமிக்ஞை இல்லையென்றால் நேர் வரும் வாய்ப்பு சரியாகப் பாதி. சமிக்ஞை இருந்தால் 0.5398. நூறு தடவை பார்த்தால் 50-க்குப் பதில் 54. திட்ட விலக்கமே 5 என்பதால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பத்தாயிரம் தடவை பார்த்தால்? 5,000-க்குப் பதில் 5,398; திட்ட விலக்கம் 50. கிட்டத்தட்ட 8 திட்ட விலக்கத் தூரம். இது தற்செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அளவை முழு நுட்பத்தோடு எடுத்திருந்தால் அந்தத் தூரம் 10. ஆக, நுட்பம் முழுவதையும் கைவிட்டும் பத்தில் எட்டு நம் கையில் இருக்கிறது. அந்த மீதி இரண்டையும் மீட்க வேண்டுமானால் 10,000 அளவீட்டுக்குப் பதில் சுமார் 15,700 எடுத்தால் போதும்.

இதே கணக்கில் இரைச்சலை எடுத்துவிட்டுப் பாருங்க. வரம்பு 1, சமிக்ஞை 0.3, இரைச்சல் சுழி. ஆயிரம் தடவை பார்த்தாலும் 0, 0, 0 தான். 0.3-க்கும் 0.7-க்கும் வித்தியாசமே தெரியாது. இரைச்சல் கலந்தால்தான் சமிக்ஞை சில நேரம் வரம்பைத் தாண்டுகிறது. எத்தனை தடவை தாண்டியது என்பதிலிருந்து அதன் அளவு கசிந்து வெளியே வருகிறது. பொறியாளர்கள் சில கருவிகளில் வேண்டுமென்றே கொஞ்சம் இரைச்சலைச் சேர்ப்பது இதனால்தான். 'இரைச்சல் கெட்டது' என்று விடைத்தாளில் எழுதும் மாணவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

ஆனால் இரைச்சல் ஏமாற்றவும் செய்யும். அமெரிக்காவில் மில்ஸ்டோன் குன்று என்ற இடத்தில் எம்ஐடியின் லிங்கன் ஆய்வுக்கூடத்துக்கு 84 அடி விட்டமுள்ள ஒரு ராடார் தட்டு இருந்தது. 1958 பிப்ரவரியில் ராபர்ட் பிரைஸ், பால் கிரீன் குழுவினர் அதிலிருந்து வெள்ளிக் கோளை நோக்கித் துடிப்புகளை அனுப்பினார்கள். திரும்பி வருவது இரைச்சலுக்குள் ஆழப் புதைந்திருக்கும் என்பதால் பதிவுகளைக் கணினியில் கூட்டிக் கூட்டித் தேடினார்கள். சில பதிவுகளில் ஒரு சிறு மேடு தெரிந்தது. 1959-இல் எதிரொலி கிடைத்துவிட்டது என்று வெளியிட்டார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு அதன்படி சுமார் 149,467,000 கிலோமீட்டர். அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் ஆய்வகமும் தேடியது. விடை தெரிந்த இடத்தில் தேடியது. அங்கும் ஒத்துப்போகும் ஒரு மேடு 'கிடைத்தது'.

மில்ஸ்டோன் குழு 1959-இல் மீண்டும் முயன்றபோது ஒன்றுமே இல்லை. 1961 மார்ச்சில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் கருவி வெள்ளியின் எதிரொலியைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பிடித்தது. தொலைவு 149,598,000 கிலோமீட்டரை ஒட்டி வந்தது. பழைய விடையோடு ஏறத்தாழ 131,000 கிலோமீட்டர் வித்தியாசம். நிலவின் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு! பழைய எண்ணை நம்பி வெள்ளிக்கு விண்கலம் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். 1958-இல் கண்ட மேடும் 1959-இல் அதை உறுதிசெய்த மேடும் இரைச்சல். அந்தக் குழுவினர் சாதாரண ஆட்கள் இல்லை. இரைச்சல் கோட்பாட்டில் அந்தக் காலத்தின் முன்வரிசை. என் கருத்தில் இந்தக் கதையில் அதிகம் உறுத்துவது முதல் தவறு அல்ல, இரண்டாவது. விடை தெரிந்துகொண்டு வரம்பைத் தாழ்த்திப் பார்ப்பவருக்கு மூடுபனியில் எப்போதும் லோரி தெரியும்.

அதே குன்றில், அதே 84 அடித் தட்டில், 1963-இல் நடந்தது நேர்மாறான கதை. சாண்டர் வெய்ன்ரெப் என்ற எம்ஐடி ஆய்வு மாணவர் முனைவர் பட்டத்துக்காக ஒரு பெட்டி செய்திருந்தார். வானிலிருந்து வரும் ரேடியோ அலையில் நேர், எதிர் என்ற ஒற்றை பிட்டை மட்டும் எடுத்து, வான் விளெக்கின் விதியால் உண்மை அளவை மீட்கும் இலக்கக் கருவி. இது ராடாரில் பாதி: அனுப்புவது கிடையாது, கேட்பது மட்டும். அந்த அக்டோபரில் வெய்ன்ரெப்பும் பாரெட், மீக்ஸ், ஹென்றி ஆகியோரும் காசியோப்பியா திசையில் 1,665, 1,667 மெகாஹெர்ட்ஸில் ஹைட்ராக்சிலின் தடத்தைக் கண்டார்கள். விண்மீன்களுக்கு இடையே ரேடியோவால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் மூலக்கூறு அது. ஒரே ஒரு பிட்டில்.

வானியலார் இந்த முறையைப் பிடித்துக்கொண்டார்கள். நம்மவர்கள் வாழும் ஒரு தீவிலும் இதன் கிளை ஒன்று உண்டு. மொரீஷியஸின் வடகிழக்கில் பிரா தோ என்ற இடத்தில் மொரீஷியஸ் பல்கலைக்கழகமும் பெங்களூரின் இராமன் ஆய்வுக் கழகமும் இந்திய வானியற்பியல் கழகமும் சேர்ந்து ஒரு ரேடியோ தொலைநோக்கி கட்டின. கிழக்கு மேற்காக 2 கிலோமீட்டர் நீளத்துக்கு 1,024 சுருள் அலைவாங்கிகள். தெற்கே தண்டவாளத்தில் நகரும் தள்ளுவண்டிகளில் இன்னும் சில. அங்கே ஒவ்வொரு சமிக்ஞைக்கும் மூன்றே படிகள்: நேர், எதிர், நடுவே சுழி. ஏன் மூன்று? மேலே கண்ட கணக்கில் ஒரு அலையைச் சீவினால் பத்தில் எட்டு மிஞ்சியது. இரண்டு அலைவாங்கிகளை ஒப்பிடும்போது இரண்டையும் சீவுகிறோம், 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.64. ஒரு நடுப்படியைச் சேர்த்ததும் 0.81 ஆகிறது. நாலு படி வைத்தால் 0.88. அதற்கு மேல் படிகளைக் கூட்டினால் செலவு ஏறுகிற அளவுக்கு வரவு ஏறுவதில்லை. பணம் குறைந்த இடத்தில் நல்ல அறிவியல் செய்ய இதைவிட நேர்த்தியான பேரம் கிடையாது என்பேன்.

பேரத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 1997 முதல் ஒற்றை பிட் பதிவில் பல்சார்களைத் தேடி நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்தது. 2001 ஜூலை 24-ஆம் தேதி அங்கே பதிவான ஒரு வெடிப்பு, ஆறு ஆண்டு கழித்து டேவிட் நார்கெவிச் என்ற இளங்கலை மாணவர் பழைய பதிவுகளை அலசியபோது வெளியே வந்தது. இன்று 'வேக ரேடியோ வெடிப்பு' என்று உலகம் அறியும் வகையில் முதலாவது அது. ஆனால் அது எவ்வளவு பிரகாசம் என்று நேராகச் சொல்ல முடியவில்லை. அலைவரிசை முழுக்க 1, 1, 1 என்று நிரம்பிக் கருவி திணறிவிட்டது. ஒற்றை பிட் முறை மெல்லிய சமிக்ஞைக்கு நண்பன். உரத்த சமிக்ஞை வந்தால் அளவு தெரியாமல் விழிக்கும். ராடாரிலும் இதே தொல்லை உண்டு: பக்கத்து மலையின் எதிரொலி உரத்து வந்தால் குறியை அதுவே தீர்மானித்துவிடும், பின்னால் இருக்கும் சிறு விமானம் மறைந்துபோகும்.

இன்று இந்தப் பழைய யுக்தி திரும்பி வந்திருக்கிறது. ஒரே ராடாரில் நூற்றுக்கணக்கான அலைவாங்கிகள் வைக்கும் காலம் இது. வேகமான அளவுமாற்றிகளில் ஒரு வகைக்கு 1 பிட் என்றால் ஒரே ஒரு ஒப்பீட்டுச் சுற்று போதும். 8 பிட் என்றால் 255 வேண்டும். ஒவ்வொரு அலைவாங்கிக்கும் 255 என்றால் மின்சாரமும் சூடும் எங்கே போய் நிற்கும்? அதனால் ஒன்று, இரண்டு பிட்டில் இலக்கைக் கண்டுபிடிக்கும் வழிகளை ஆய்வாளர்கள் மறுபடி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வகுப்பில் இதைச் செய்து காட்டக் கருவி எதுவும் வேண்டாம், தாயக்கட்டை போதும். 30 மாணவர்கள், ஆளுக்கு இரண்டு பகடை. பகடைக் கூட்டுத்தொகைதான் இரைச்சல். ஆசிரியர் ஒரு தாளில் 0 அல்லது 1 என்று எழுதி மூடி வையுங்கள், அதுதான் சமிக்ஞை. அது 1 என்றால் ஒவ்வொருவரின் தொகையோடும் 1 சேர வேண்டும். மாணவர்களுக்கு அது தெரியக் கூடாது என்பதால், அவரவர் தொகையை உங்கள் காதில் சொல்லட்டும். நீங்கள் கூட்டிப் பார்த்து, 8 அல்லது அதற்கு மேல் என்றால் பலகையில் ஒரு கோடு, இல்லையென்றால் புள்ளி. சமிக்ஞை 0 ஆனால் கோடு விழும் வாய்ப்பு 15/36. 1 ஆனால் 21/36. முதல் சுற்றில் 30 குறிகளில் கோடுகள் சராசரியாக 12.5 அல்லது 17.5 வரும், வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும், போடட்டும். நாலு சுற்று முடிந்து 120 குறிகள் சேர்ந்ததும் 50-ஐ ஒட்டி நிற்கிறதா, 70-ஐ ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லையை 60-இல் வைப்பதாக ஆட்டத்துக்கு முன்பே பலகையில் எழுதிவிடுங்கள். பாதியில் யாராவது 'சார், 58-ன்னு வச்சுக்கலாமே' என்று கேட்டால், வெள்ளிக் கோளின் கதையைச் சொல்ல அதுதான் சரியான நேரம்.